சி டிரைவ் நிரம்பினால் முதலில் எதையும் டெலீட் செய்யாதீர்கள்

சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிட்டது என்றால் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை, கண்ணில் படும் பெரிய ஃபோல்டராகப் பார்த்து அழிப்பது. அதைச் செய்யாதீர்கள். அரை மணி நேரம் ஒதுக்கி, இடம் எங்கே போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

போன மாதம் இங்கே பெங்களூரில், ஸ்ரீராமபுரத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன் செய்தார். "தம்பி, கம்ப்யூட்டர் ஃபுல்லுன்னு சொல்லுது, எஸ்.பி. ரோடு போய் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டு வந்துரட்டுமா?" என்றார். வேண்டாம், வருகிறேன் என்று அல்சூரிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் கடையில் வேலை பார்க்கும் பையன் இரண்டு டிசைன் ஃபோல்டர்களை அழித்திருந்தான். அதில் ஒன்று மறுவாரம் அச்சுக்குப் போக வேண்டிய கல்யாணப் பத்திரிகை. இவ்வளவு செய்தும் டிரைவில் ஒரு எம்பிகூட இடம் கூடவில்லை. ஏன் கூடவில்லை என்பதற்கும், அந்தப் பத்திரிகை பத்திரமாகத் திரும்பிக் கிடைத்ததற்கும் காரணம் ஒன்றுதான். அது புரிய வேண்டுமானால் டிஸ்க் எப்படிக் கணக்கு வைக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஹார்ட் டிஸ்கின் உள்ளே காந்தப் பூச்சு பூசிய வட்டத் தட்டுகள் சுற்றுகின்றன, அதன் மேல் தொடாமல் மிதக்கும் ஒரு ஹெட் எழுதுகிறது, படிக்கிறது. 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்கும் இதே தத்துவம்தான். 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் வைத்தும் அதில் 50 லட்சம் எழுத்துகள்தான் பிடித்தன. தட்டின் மிகச் சிறிய பகுதிக்கு செக்டர் என்று பெயர், முன்பு 512 பைட், இப்போது வரும் டிஸ்குகளில் பெரும்பாலும் 4,096 பைட். ஆனால் விண்டோஸ் செக்டர் செக்டராக இடம் கொடுப்பதில்லை. சில செக்டர்களைச் சேர்த்து கிளஸ்டர் என்று ஒரு அளவு வைத்துக்கொண்டு, அந்த அளவில்தான் கொடுக்கும்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். லேஅவுட்டில் 30க்கு 40 அடி சைட் (வீட்டு மனை) என்று பிரித்து விற்கிறார்கள் அல்லவா, கிளஸ்டர் அப்படி ஒரு சைட். அதில் நீங்கள் மூன்று மாடி கட்டினாலும் சரி, ஒரு ஓரத்தில் ஒற்றை அறை கட்டினாலும் சரி, முழு சைட்டும் உங்கள் பேரில்தான், மீதி மண்ணில் வேறு யாரும் கட்ட முடியாது. ஒரு சைட் போதாதென்றால் அடுத்த சைட்டையும் முழுசாகத்தான் எடுக்க வேண்டும்.

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்து பாருங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. நோட்பேடைத் திறந்து "அம்மா" என்று மட்டும் தட்டி டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். அந்த ஃபைலில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் இரண்டு வரிகள் தெரியும்: சைஸ், சைஸ் ஆன் டிஸ்க். சைஸ் 15 பைட் என்று இருக்கும். நமக்கு மூன்று எழுத்து, ஆனால் கம்ப்யூட்டர் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்தாக எண்ணுகிறது, தமிழில் ஒவ்வொன்றுக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். சைஸ் ஆன் டிஸ்க் வரியில் 0 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் டிஸ்கில் ஃபைல்களை வைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் இவ்வளவு சின்ன ஃபைலுக்குத் தனி சைட் ஒதுக்குவதில்லை, பதிவேட்டிலேயே ஃபைலின் பேருக்குப் பக்கத்தில் எழுதி வைத்துவிடும். இப்போது அதே ஃபைலில் உங்கள் வீட்டு முகவரியைப் பத்துப் பதினைந்து முறை ஒட்டிச் சேமித்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். சைஸ் இரண்டு மூன்று ஆயிரம் பைட் இருக்கும், சைஸ் ஆன் டிஸ்க் மட்டும் சரியாக 4 கேபி. முதல் சைட் ஒதுக்கியாகிவிட்டது. அடுத்து அதை 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் காப்பி செய்து அங்கே பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறையில் ஃபார்மேட் ஆன டிரைவாக இருந்தால் பெரும்பாலும் 128 கேபி என்று காட்டும். ஃபைல் மாறவில்லை, சைட்டின் அளவுதான் மாறியிருக்கிறது.

ஒரு ஃபைலுக்கு இது பெரிய விஷயமில்லை. டிடிபி கடை மாதிரி 40,000 கிளிப்ஆர்ட் படங்கள், ஒவ்வொன்றும் 3 கேபி என்று வைத்திருந்தால் கதை வேறு. உண்மையான அளவு 120 எம்பிதான், ஆனால் எக்ஸ்ஃபேட் டிஸ்கில் ஏறக்குறைய 5 ஜிபி அடைத்துக்கொள்ளும். இப்படிப் பொடிப்பொடி ஃபைல்கள் நிறைய இருந்தால் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி வையுங்கள். இல்லை, அந்த டிஸ்க் விண்டோஸில் மட்டும்தான் ஓடப்போகிறது என்றால் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், அதில் சைட்டின் அளவு வழக்கமாக 4 கேபி. மேக்கிலும் எழுத வேண்டியிருந்தால் எக்ஸ்ஃபேட்டே இருக்கட்டும். பழைய ஃபேட்32 முறையில் ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. பென் டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தும் கல்யாண வீடியோ ஏற மறுக்கிறதா, இதுதான் காரணம்.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 1 டிபி டிஸ்க் வாங்கி மாட்டினால் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பலரும் சண்டைக்குப் போகிறார்கள். அவர் மேல் தப்பில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி ஒரு லட்சம் கோடி பைட்டை 1 டிபி என்கிறார், விண்டோஸ் அதையே 1,024 1,024ஆக வகுத்துக் காட்டுகிறது. 500 ஜிபி டிஸ்க் 465 என்று தெரிவதும் இதனால்தான். ஆப்பிள் 2009இல் மேக்கை ஆயிரம் கணக்குக்கு மாற்றிவிட்டது, அதே டிஸ்கை மேக்கில் மாட்டினால் 1 டிபி என்றே காட்டும். ஆனால் நடைபாதையில் அடிமாட்டு விலைக்கு விற்கும் 2 டிபி பென் டிரைவ் விஷயம் வேறு. அதில் அளவையே பொய்யாகச் சொல்லும்படி செய்து வைத்திருப்பார்கள், உண்மையான இடம் தீர்ந்ததும் நீங்கள் போடும் ஃபைல் காணாமல் போகும். வாங்கிவிட்டீர்கள் என்றால் முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் நம்புங்கள்.

இப்போது டெலீட்டுக்கு வருவோம். எந்த சைட் யார் பேரில் என்று காத்தா புத்தகம் இருப்பதுபோல டிஸ்கிலும் ஒரு பதிவேடு உண்டு. என்டிஎஃப்எஸ்ஸில் அதற்குப் பெயர் மாஸ்டர் ஃபைல் டேபிள். ஒரே டிரைவுக்குள் 50 ஜிபி ஃபோல்டரை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றினால் கண் இமைக்கும் நேரத்தில் முடிவதைக் கவனித்திருப்பீர்கள். ஃபைல் நகரவே இல்லை, காத்தாவில் முகவரி மட்டும் மாறியது. சியிலிருந்து டிக்கு மாற்றினால்தான் நிஜமாகவே அங்கே வீடு கட்டி இங்கே காலி செய்ய வேண்டும், அதனால்தான் அவ்வளவு நேரம்.

சாதாரண டெலீட் செய்தால் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது, அதாவது அதே டிரைவில் மறைந்திருக்கும் இன்னொரு ஃபோல்டருக்கு. சைட் பழைய ஃபைலின் பேரிலேயே இருக்கிறது. கடைப்பையன் அழித்தும் இடம் கூடாதது இதனால்தான், பத்திரிகை டிசைனை ஒரே கிளிக்கில் ரிஸ்டோர் செய்ய முடிந்ததும் இதனால்தான். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலோ ஷிஃப்ட் அழுத்தி டெலீட் செய்தாலோதான் காத்தாவில் பேர் அடிபடும். அப்போதும் வீடு இடிபடுவதில்லை! சுற்றும் தட்டு ஹார்ட் டிஸ்கில், வேறு ஒரு ஃபைல் வந்து அதே சைட்டில் கட்டும்வரை பழைய ஃபைல் அப்படியே நிற்கும். பென் டிரைவில் அழித்தால் ரீசைக்கிள் பின்னே கிடையாது, நேராக இந்தக் கட்டம்தான்.

ஆகவே தவறுதலாக அழித்துவிட்டால் அந்த நொடியே அந்த டிஸ்கில் எழுதுவதை நிறுத்துங்கள். ரெக்கவரி மென்பொருளை அதே டிரைவில் டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்வதுதான் எல்லோரும் செய்யும் தப்பு, தேடும் ஃபைல் நிற்கும் சைட்டிலேயே அந்த மென்பொருள் போய்க் கட்டிவிடக்கூடும். எங்கள் வீட்டிலும் இது நடந்தது. திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது எடுத்த படங்கள் முழுவதையும் எக்ஸ்டர்னல் டிஸ்கிலிருந்து யாரோ ஷிஃப்ட் டெலீட் அடித்துவிட்டார்கள். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நல்லவேளை, அதற்கப்புறம் யாரும் அந்த டிஸ்கைத் தொடவில்லை. வேறு கம்ப்யூட்டரில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, டிஸ்கை அதில் மாட்டி, கிடைத்ததையெல்லாம் மூன்றாவதாக இன்னொரு டிஸ்கில் சேமித்தேன். அது காத்தாவைப் பார்க்காமல் சைட் சைட்டாகத் தட்டிப் பார்க்கும் மென்பொருள், அதனால் படங்கள் வந்தன, பெயர்களும் ஃபோல்டர்களும் வரவில்லை. எல்லாம் எஃப் என்ற எழுத்துக்குப் பின் நீள எண்களாக வந்தன. படத்துக்குள்ளேயே எடுத்த தேதியும் நேரமும் பதிந்திருப்பதால் அந்த வரிசையில் அடுக்கி, மாலை மாற்றியது முதல் பந்தி வரை திரும்ப வரிசைக்குக் கொண்டுவந்தேன்.

சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இந்த அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்காதீர்கள். அங்கே டிரிம் என்று ஒரு ஏற்பாடு, பேரை அடித்ததுமே இந்த சைட் இனி வேண்டாம் என்று விண்டோஸ் டிஸ்குக்குச் சொல்லிவிடும், டிஸ்க் தன் வசதிக்கு ஜேசிபி விட்டு இடித்துவிடும். எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு பேக்கப் ஒன்றே வழி. டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது, அல்லது டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சளோ சிவப்போ காட்டுகிறது என்றால் வேறு மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள், ரிப்பேர் செய்கிறேன் என்று செக்டிஸ்க்கும் போடாதீர்கள். பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்கை ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடலாம். முக்கியமான டேட்டா என்றால் கழற்றி வைத்துவிட்டு ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள்.

சரி, இடம் எங்கே போயிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? செட்டிங்ஸ் போய், சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ். ஆப்ஸ் எவ்வளவு, டெம்பரரி ஃபைல்ஸ் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். மேலோட்டமாகத் தெரிய இது போதும், ஆனால் எனக்கு இதில் திருப்தி இல்லை. விஸ்ட்ரீ என்ற மென்பொருளைப் போட்டு அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். அது ஃபோல்டர் ஃபோல்டராக நுழையாமல் நேரே மாஸ்டர் ஃபைல் டேபிளையே படிப்பதால் சில விநாடிகளில் முழு டிஸ்கையும் பெரிய கட்டம், சின்ன கட்டம் என்று வண்ணப் படமாகப் போட்டுவிடும். பெரிய கட்டத்தின் மேல் மவுஸை வைத்தால் எந்த ஃபோல்டர் என்று தெரியும்.

கடைக் கம்ப்யூட்டரில் இப்படிப் பார்த்ததும் பாதித் திரை ஒரே நிறம். டாக்குமென்ட்ஸுக்குள் ஸ்கேன் என்று ஒரு ஃபோல்டர், உள்ளே டிஃப் ஃபைல்கள் 1,700க்கு மேல். ஸ்கேனர் வாங்கிய நாளிலிருந்து 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), கலர், கம்ப்ரஷன் இல்லாமல் என்ற செட்டிங்கில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏ4 தாள் 600 டிபிஐயில் 4,960க்கு 7,016 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், ஆக ஒரு பக்கத்துக்கு 10 கோடி பைட்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 100 எம்பி. வாக்காளர் அட்டை ஜெராக்ஸ் கேட்டு வந்தவருக்கு ஒரு பக்கம், பாஸ்போர்ட்டுக்கு வந்தவருக்கு இரண்டு பக்கம் என்று சேர்ந்து சேர்ந்து 170 ஜிபி ஆகியிருந்தது. 500 ஜிபி டிஸ்கில் மூன்றில் ஒரு பங்கு!

உங்கள் டிஸ்கில் வேறு ஆள் இருக்கலாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே பிடிஎஃப் 1, 2, 3 என்று எண் போட்டு நாலு முறை கிடக்கும். விண்டோஸின் பெரிய அப்டேட் முடிந்ததும் பழைய விண்டோஸ் முழுவதும் பத்து நாளைக்கு அப்படியே இருக்கும், அப்புறம் அதுவே போகும், அவசரமென்றால் டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷனை டிக் செய்து நீக்கலாம். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்துவிட்டால் உங்கள் டவுன்லோடு எல்லாம் போய்விடும், பார்த்துச் செய்யுங்கள். ஹைபர்னேட் ஃபைல் வழக்கமாக ராமில் 40 சதவீதம் பிடிக்கும், 16 ஜிபி ராம் என்றால் ஆறு ஜிபிக்கு மேல். லேப்டாப்பில் அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து, பேட்டரி தீரும்போது திறந்து வைத்த வேலையைக் காப்பாற்றுவது அதுதான். விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று பெரிதாக ஒன்று தெரியும், அதில் கையால் எதையும் அழிக்காதீர்கள். ஒரே ஃபைலுக்குக் காத்தாவில் இரண்டு மூன்று பேர் எழுதியிருப்பதால் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது, அழித்தால் விண்டோஸ் படுத்துவிடும்.

லினக்ஸ் ஆட்கள் இங்கே நிறைய என்பதால் அவர்களுக்கு இரண்டு வரி. எக்ஸ்ட்4இல் 5 சதவீதம் ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும், பெரிய டேட்டா டிஸ்கில் அதைக் குறைத்துக்கொள்ளலாம். பெரிய லாக் ஃபைலை அழித்தும் இடம் வரவில்லை என்றால் ஏதோ ஒரு புராசஸ் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது, அந்தப் புராசஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும்.

டிஸ்கை விளிம்புவரை நிரப்பாதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து சைட் கிடைக்காதபோது ஒரு பெரிய ஃபைலை யஷ்வந்த்பூரில் ஒன்று, கே.ஆர்.புரத்தில் ஒன்று, சில்க் போர்டைத் தாண்டி ஒன்று என்று சிதறி வைக்க வேண்டிவரும். சுற்றும் டிஸ்கில் ஹெட் ஒவ்வொரு துண்டுக்கும் ஓட வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்கில் அரைச் சுற்றுக்குக் காத்திருப்பதே 4 மில்லி விநாடி, ஹெட் நகர்வதையும் சேர்த்தால் துண்டுக்குச் சுமார் 12 ஆகும். 500 துண்டாகச் சிதறிய ஃபைல் என்றால் அலைச்சலுக்கு மட்டுமே ஆறு விநாடி. டிஃப்ராக்மென்ட் என்பது இந்தத் துண்டுகளை ஒரே தெருவுக்குக் கொண்டுவரும் வேலை, விண்டோஸ் வாரம் ஒருமுறை தானாகவே செய்யப் பார்க்கும், கடை நேரத்தில் மட்டும் கம்ப்யூட்டர் ஓடுகிறதென்றால் ஸ்டார்ட் மெனுவில் டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்று தேடி கடைசியாக எப்போது ஓடியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் ஓட ஹெட்டே இல்லை, அங்கே அதே பட்டன் டிரிம் அனுப்பும், தனியாக டிஃப்ராக் மென்பொருள் எதுவும் தேவையில்லை. எதுவானாலும் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் காலியாக விடுங்கள்.

கடைக்குத் திரும்புவோம். அந்த 1,700 பக்கங்களும் அக்கம்பக்கத்துக்காரர்களின் ஆதார், பான், பாஸ்போர்ட், பேங்க் பாஸ்புக். அவற்றை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ததும் 170 ஜிபி கிடைத்துவிட்டது, ஆனால் மேலே சொன்னபடி அது சுற்றும் டிஸ்க், வீடுகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. நாளைக்கு அந்த டிஸ்கை எக்ஸ்சேஞ்சில் போட்டால் நான் அப்பாவின் படங்களை மீட்டதுபோலவே யார் வேண்டுமானாலும் அவற்றை மீட்கலாம். உங்களை நம்பி ஆதாரைக் கொடுத்தவர்களுக்கு இதைச் செய்யக்கூடாது. விண்டோஸிலேயே சைஃபர் என்று ஒரு கட்டளை இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, cipher என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, ஸ்லாஷ், டபிள்யூ, கோலன், அப்புறம் டிரைவின் எழுத்தும் இன்னொரு கோலனும் கொடுத்தால், இருக்கும் ஃபைல்களைத் தொடாமல் காலி சைட்டுகளில் மட்டும் மூன்று முறை மேலெழுதும். நேரம் பிடிக்கும், இரவு கடை சாத்தும்போது போட்டுவிட்டு வந்தோம். டிஸ்கையே விற்கிறீர்கள் என்றால் ஃபார்மேட் செய்யும்போது குவிக் ஃபார்மேட் டிக்கை எடுத்துவிடுங்கள். குவிக் என்பது புதுக் காத்தா புத்தகம் எழுதுவது மட்டும்தான், முழு ஃபார்மேட்தான் எல்லா சைட்டிலும் பூஜ்யம் எழுதும், 1 டிபிக்கு இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். எஸ்எஸ்டி என்றால் தயாரிப்பாளர் தரும் மென்பொருளில் செக்யூர் எரேஸ் தேடுங்கள்.

மறுநாள் காலை ஸ்கேனரை 300 டிபிஐ, பிடிஎஃப் என்று மாற்றி வைத்தோம், ஒரு பக்கம் இப்போது 1 எம்பிக்கு முன்பின் வருகிறது. எஸ்.பி. ரோடு போகவில்லை. சனிக்கிழமை கடை சாத்தும் முன் ஸ்கேன் ஃபோல்டரை அண்ணனே திறந்து பார்த்து, பிரிண்ட் கொடுத்து முடித்ததையெல்லாம் ஷிஃப்ட் டெலீட் செய்துவிட்டு சைஃபரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்.